திருப்பூர்த் தையல் மேசைக்கு பெர்லின் சட்டம்: யாரோடு சேர்ந்து கற்பிப்பது?

2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத் துறை ஓர் உத்தரவு போட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடை ஆலையின் சரக்கை எந்தத் துறைமுகத்திலும் விடுவிக்கக் கூடாது என்பது உத்தரவு. கட்டாய உழைப்பில் உருவான பொருளை நாட்டுக்குள் விடாதே என்று சொல்லும் 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 307ஆம் பிரிவுதான் அதற்கு அடிப்படை. செப்டம்பர் முதல் வாரத்தில் தடை விலகியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு வெளிநாட்டுச் சட்டம் ஐந்தாறு வாரங்களுக்கு ஓர் ஆலையின் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. அங்கே தையல் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு சட்டத்தைப் பற்றி முன்பு கேள்விப்பட்டிருப்பார்கள்?

அவர்களுக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், ஜாப் ஒர்க் பிடித்து இருபது மெஷின் ஓட்டும் சிறு முதலாளிக்கும் நிறுவனப் பொறுப்புச் சட்டங்களைச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் திருப்பூர், திண்டுக்கல், கரூர் வட்டாரத்தில் பல அமைப்புகளுக்கு இருக்கிறது. இரவுப் பள்ளி நடத்தும் அறக்கட்டளை, பெண் தொழிலாளர் சங்கம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் வழக்கறிஞர் குழு என்று அவற்றில் பல வகை உண்டு. சட்டம் வெளிநாட்டுச் சட்டம் என்பதால் வெளிநாட்டுக் கூட்டாளி இல்லாமல் வேலை நடக்காது. யாரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது என்பதுதான் இங்கே தீர்க்க வேண்டிய கேள்வி. வாய்ப்புகள் நான்கு: இந்திய நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம்; ஐரோப்பிய பிராண்டுகள் உறுப்பினராக இருக்கும் கண்காணிப்பு அமைப்புகள்; சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் சங்கங்களும் சேர்ந்து போடும், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்; ஐநா வகை அமைப்புகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் கொஞ்சமாவது உறுப்பினர் பலம் உள்ள சங்கம் இருந்தால் ஒப்பந்த வழிக்குத்தான் முயல வேண்டும். இல்லாத இடத்தில் பிராண்ட் அமைப்புகளோடு தொடங்கலாம். ஐநா அமைப்புகளைப் பாடநூல் அலமாரியாகப் பயன்படுத்தினால் போதும். சிஎஸ்ஆர் பணத்தை இந்தப் பாடத்துக்கு நம்பவே கூடாது.

எதைக் கற்பிக்கிறோம்?

சமூகப் பொறுப்புச் சட்டம் என்றால் நம் ஊரில் நினைவுக்கு வருவது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொடும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்கு வகுப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, மரக்கன்று என்று அதன் பலன்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் வந்திருக்கும் சட்டங்களின் கேள்வியே வேறு. லாபம் வந்த பிறகு அதில் எவ்வளவு கொடுத்தாய் என்று அவை கேட்பதில்லை. அந்த லாபம் வந்த வழியில் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, அதைத் தடுக்க என்ன செய்தாய் என்று கேட்கின்றன. பிரான்ஸ் 2017இல் அப்படி ஒரு கண்காணிப்புக் கடமைச் சட்டத்தை இயற்றியது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் 3,000 ஊழியருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும், 2024 முதல் 1,000 பேருக்கு மேற்பட்டவற்றுக்கும் பொருந்தத் தொடங்கியது. பெரிய நிறுவனமாக இருந்தால் அபராதம் உலகளாவிய விற்றுமுதலில் 2 விழுக்காடு வரை போகலாம். பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் மென்மையானது. நிறுவனத்தின் வணிகச் சங்கிலியைப் பொறுத்தவரை அது கேட்பது ஆண்டுக்கு ஓர் அறிக்கை வெளியிடுவதை மட்டுமே. அதற்கு வகுப்பில் அரைமணி நேரம் போதும்.

ஜெர்மன் சட்டத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவை. காரணம், அதில் உள்ள ஒரு நுணுக்கம். தனக்கு நேரடியாகச் சரக்கு விற்பவரைப் பற்றி நிறுவனம் தானாகவே ஆய்ந்து பார்க்க வேண்டும். அதற்கும் பின்னால் இருக்கும் நூற்பாலை, சாயப்பட்டறை போன்றவற்றைப் பற்றியோ, அங்கே மீறல் நடந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரமுள்ள தகவல் கையில் கிடைத்தால்தான் கடமை பிறக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி பல பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, நேரடி சப்ளையர். திண்டுக்கல் நூற்பாலை பெரும்பாலும் மறைமுக சப்ளையர். ஆக, விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்த ஷிப்டில், அந்த நூல் எந்த ஆலைக்குப் போகிறது என்று எழுதித் தரும் ஒரு பக்கம்தான் ஹாம்பர்க்கில் உள்ள நிறுவனத்தின் கடமையையே உயிர்ப்பிக்கிறது. பாதிக்கப்பட்டவர் ஜெர்மனியின் கண்காணிப்பு அலுவலகமான பாஃபாவுக்கு நேரடியாகவும் எழுதலாம். அங்குள்ள தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் அவர் சார்பில் அந்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகவும் சட்டம் இடம் தருகிறது.

இதைச் சொல்லித்தராமல் “மனித உரிமைகள் முப்பது” என்று சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போகும் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன. கூட்டாளியை எடைபோட என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான்: அவர் வந்தால் அந்த ஒரு பக்கத்தை எழுத வகுப்பில் பழக முடியுமா? எழுதிய பிறகு அதை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஆள் இருக்கிறாரா?

சிஎஸ்ஆர் பணம்: வாசலிலேயே மூன்று பூட்டு

உள்ளூரில் கேட்டால் முதலில் வரும் ஆலோசனை, “பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதியைக் கேளுங்கள்” என்பதுதான். கல்வியும் தொழில்திறன் வளர்ப்பும் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன என்பதால் கேட்பதற்கு எளிதாகத் தோன்றும்.

2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளைப் படித்தால் அந்த எளிமை போய்விடும். கம்பெனியின் சொந்த ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவு சிஎஸ்ஆர் கணக்கில் வராது. அதாவது தன் ஆலையின் தையல்காரர்களுக்குச் சட்ட வகுப்பு நடத்திவிட்டு அதைச் சமூகச் செலவு என்று எழுத முடியாது. வெளியாருக்கும் திறந்த வகுப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது, வழக்கமான வணிகத்தின் பகுதியாகச் செய்யும் வேலையும் கணக்கில் சேராது. பையர் கேட்டதற்காக நடத்தும் பயிற்சி இதில் அகப்பட்டுக்கொள்ளும். மூன்றாவது பூட்டுதான் நம் கேள்விக்கு நேரடியானது. சர்வதேச அமைப்புகளைத் திட்டம் வகுக்கவும், கண்காணிக்கவும், மதிப்பிடவும், கம்பெனியின் சிஎஸ்ஆர் ஊழியர்களின் திறனை வளர்க்கவும் அமர்த்தலாம் என்று விதி சொல்கிறது. வகுப்பை நடத்தும் அமைப்பாக அவை வர முடியாது. அந்த விதியில் சர்வதேச அமைப்பு என்பதும் ஐநா சலுகைகள் சட்டத்தின்படி மத்திய அரசு அறிவித்த அமைப்புகளைத்தான் குறிக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலோ லண்டனிலோ உள்ள தன்னார்வ அமைப்பு இந்தச் சட்டத்தின் கண்ணில் தெரிவதே இல்லை.

நடத்தும் உள்ளூர் அமைப்புக்கோ 12ஏ, 80ஜி வருமான வரிச்சலுகைப் பதிவுகள், சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு, வெளி அமைப்பாக இருந்தால் மூன்று ஆண்டு அனுபவம் ஆகியவை வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் அடிப்படைச் சங்கடம் ஒன்று தீராது. தன் மீது புகார் எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்கு எந்த நிறுவனம் மனமுவந்து பணம் தரும்? தந்தால், பாடத்திட்டத்தில் எந்தப் பக்கம் முதலில் காணாமல் போகும் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அந்தப் பணத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஊதியச் சீட்டைப் படிக்கவும், வங்கிக் கணக்கைக் கையாளவும், வருங்கால வைப்பு நிதி எண்ணைப் பார்க்கவும் கற்றுத்தரும் அடிப்படை வகுப்புக்கு அது பொருத்தமான பணம். வெளியாருக்கும் திறந்திருக்கும், யாரையும் உறுத்தாது. ஊதியச் சீட்டைப் படிக்கத் தெரியாதவர் எந்த நாட்டுச் சட்டத்தையும் பயன்படுத்த முடியாது என்பதால் அது தேவையான முதல் படியும்கூட.

பிராண்ட் அமைப்புகள்: கதவு திறக்கும், எவ்வளவு நேரம்?

ஃபேர் வேர் என்ற டச்சு அமைப்பு 1999 முதல் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் நடுத்தர அளவு ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள். தங்கள் சப்ளையர் ஆலைகளில் தொழிலாளர், மேற்பார்வையாளர், நிர்வாகம் மூன்று தரப்புக்கும் பயிற்சி நடத்துவது அதன் வேலைகளில் ஒன்று. உள்ளூர் மொழியில் உரிமைத் தகவல் தாளை ஆலைச் சுவரில் ஒட்ட வேண்டும். அதில் புகார் எண் இருக்கும். வரும் புகார்களைத் தொழிலாளியின் அடையாளத்தை மறைத்து, எந்த பிராண்டின் ஆலை என்பதைச் சொல்லி, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதோடு வெளியிடுகிறார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் “என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும்” என்று பாடம் நடத்தும் ஆலைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த வெளிப்படைத்தன்மையின் மதிப்பு தெரியும்.

பிரிட்டனின் எதிகல் டிரேடிங் இனிஷியேட்டிவ் 1998இல் தோன்றியது. நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், தொண்டு அமைப்புகள் மூன்றும் அதில் உறுப்பினர்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் அது நடத்திய ‘நலம்’ திட்டம் பாடத்திட்டம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இளம்பெண் தொழிலாளர்களில் சிலரைச் சக பயிற்றுநராகத் தயார்செய்து, மாதவிடாய், இரத்தசோகை, உணவு என்று உடல்நலப் பேச்சில் தொடங்கி, படிப்படியாக வேலையிட உரிமைகளுக்கு வந்தார்கள். உரிமை என்ற பெயரோடு போனால் நூற்பாலைக் கதவு திறக்காது. உடல்நலம் என்று போனால் திறக்கும். திறந்த கதவு வழியே எவ்வளவு தூரம் உள்ளே போக முடிந்தது என்பது ஆலைக்கு ஆலை மாறும். ஆனாலும் முதியோர் கல்வியின் பழைய பாடம் ஒன்றை இந்த முறை மதிக்கிறது: வளர்ந்தவர்கள் தங்களுக்கு இன்று வலிக்கும் இடத்திலிருந்துதான் கற்கத் தொடங்குகிறார்கள்.

ஜெர்மனியில் 2014இல் அமைந்த நீடித்த ஜவுளிக் கூட்டணியும் தமிழ்நாட்டுக்கென்று ஒரு முயற்சியை நடத்தியது. ஐரோப்பிய பிராண்டுகளும் பெண்ணுரிமை அமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் நூற்பாலைகளின் உள் புகார்க் குழுக்களுக்குப் பயிற்சி தந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம், வெளிநாட்டுக் கூட்டாளி இந்தியச் சட்டத்தை மையமாக எடுத்துக்கொண்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்வது. பெர்லின் சட்டத்தைக் காட்டி டெல்லிச் சட்டத்தைச் செயல்பட வைப்பது என்பது, நம் ஊர் நிலவரத்தில், கெட்டிக்காரத்தனமான வழி.

இந்த வழியின் குறை, நேரம். பயிற்சி பிராண்டின் ஆர்டரோடு கட்டப்பட்டிருக்கிறது. பையர் வேறு நாட்டுக்குப் போனால் பாடமும் போய்விடும். ஒரே ஆலை ஐந்து பையர்களுக்குத் தைக்கும்போது, அவர்களில் ஒருவர் மட்டும் உறுப்பினர் என்றால் அந்தக் குரலின் பலம் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. வகுப்பு வேலை நேரத்தில், ஆலை வளாகத்தில் நடப்பதால் சம்பளம் கெடாது என்பது நல்லது. மேலாளர் அடுத்த அறையில் இருப்பது நல்லதல்ல. அது மட்டுமல்ல, பயிற்சி பதிவேட்டில் உள்ள ஆட்களைத்தான் எட்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்து சனிக்கிழமை கூலி வாங்கும் கான்ட்ராக்ட் ஆளும், வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்ணும் அந்த அறைக்குள் வருவதில்லை. இரவுப் பள்ளிகள் இருக்க வேண்டிய காரணமே அவர்கள்தான். ஆகவே பிராண்ட் அமைப்போடு சேரும் உள்ளூர் அமைப்பு, ஆலைக்குள் நடக்கும் பயிற்சியோடு நிற்காமல், அதே பாடத்தை ஊருக்குள்ளும் எடுக்கும் உரிமையையும் பாடப் பொருள்களைப் பயன்படுத்தும் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, பிராண்டுகளும் இண்டஸ்ட்ரியால், யுனி என்ற இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் வங்கதேசத்துக்கென்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. தொழிலாளர் பயிற்சியும் பாதுகாப்புக் குழுக்களும் அதன் பகுதியாக இருந்தன. கூட்டாளி கோபித்துக்கொண்டு போய்விட முடியாத முதல் பெரிய வகுப்பறை அது என்று சொல்லலாம்.

நமக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம். மேலே சொன்ன நாச்சி ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தப் பிரச்சினையை விடவில்லை. ஆசியத் தொழிலாளர் கூட்டணியான ஏஷியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும், வாஷிங்டனைச் சேர்ந்த தொழிலாளர் நீதி அமைப்பு ஒன்றும் துணைக்கு வந்தன. கடைசியில் ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு ஓர் ஒப்பந்தம் உருவானது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகள் தனித்தனி ஒப்பந்தங்கள் மூலம் அதோடு பிணைக்கப்பட்டன. பாலின வன்முறையைத் தடுக்க இப்படிப் பிராண்டுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆசியாவில் அதற்கு முன் வந்ததில்லை. 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஜீன்ஸ் ஆலைகளுக்காகப் போடப்பட்டதுதான் முன்மாதிரி.

முதியோர் கல்வி என்ற கோணத்தில் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தனித்துத் தெரிகின்றன. பயிற்சி தொழிலாளர், மேற்பார்வையாளர், நிர்வாகிகள் எல்லோருக்கும் கட்டாயம்; விரும்பினால் வரும் வகுப்பு இல்லை. ஒவ்வொரு தளத்திலும் சங்கம் தேர்ந்து பயிற்றுவித்த பெண் கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள். படித்ததை மறுநாள் காலையே பயன்படுத்தும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கைவைக்கும் கடமை பிராண்டுகளுக்கு இருக்கிறது. புகார் எழுதக் கற்பதும், புகார் எழுதுவதும், அதற்கு விளைவு வருவதும் ஒரே கூரைக்கு அடியில் நடக்கின்றன. அமெரிக்கத் தடை உத்தரவு இரண்டு மாதத்துக்குள் விலகியதற்கும் இந்த ஏற்பாடு கைகொடுத்தது. ஆலை முதலாளிகளுக்கு இதைப் பற்றிச் சொல்லும்போது அந்தத் தேதிகளை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரியும் மொழி அது.

ஆனால் இந்த வழியைக் கடையில் பொருள் வாங்குவதுபோல் தேர்ந்தெடுக்க முடியாது. ஆலைக்குள் சங்கம் வேண்டும். திருப்பூரிலும் நூற்பாலைப் பகுதியிலும் பெரும்பாலான ஆலைகளில் அது இல்லை. பன்னாட்டுப் பிரச்சாரம் மாதக்கணக்கில் நீள வேண்டும்; அந்த நாட்களில் வேலை போகும் ஆபத்தை யார் தாங்குவது என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். திண்டுக்கல்லில் அந்தக் கதவு ஓர் உயிர் போன பிறகு திறந்தது. அதை முன்மாதிரித் திட்டம் என்று அறிக்கைகளில் எழுதும்போது அதன் விலையையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரவுப் பள்ளி நடத்தும் அறக்கட்டளை ஒன்று இதில் என்ன செய்யலாம்? ஒப்பந்தத் தரப்பாக வர முடியாது, வரவும் கூடாது. சங்கத்துக்குப் பயிற்றுநர்களைத் தயார்செய்து தரலாம், இந்தி, ஒடியா மொழிகளில் பாடம் எழுதலாம், பணியிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு வகுப்பைத் தொடரலாம். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார மனமுள்ள அமைப்புகளுக்கு மட்டும் இது ஒத்துவரும்.

ஐநா அலமாரி

ஐநாவின் சிறப்பு அமைப்பான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) பயிற்சி மையம் இத்தாலியின் டூரினில் 1964 முதல் இருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்கள் பற்றிய 1977 பிரகடனம், ஐநாவின் 2011 வணிகம்–மனித உரிமை வழிகாட்டு நெறிகள் ஆகியவற்றுக்கான பாடங்கள் நன்றாகத் தயாரிக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. பயிற்றுநர்களுக்கு அவை போதும். தையல்காரருக்கு அப்படியே கொடுக்க முடியாது. மொழி ஆங்கிலம், எடுத்துக்காட்டுகள் எங்கோ நடப்பவை, புகார் வழி எதுவும் பாடத்தோடு வருவதில்லை.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிகளோடு ஒரு புகார் வழி வருகிறது. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் தேசியத் தொடர்பு மையம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் மிஷலின் டயர் ஆலைக்கு எதிராக உள்ளூர் அமைப்புகள் பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தோடும் தொண்டு அமைப்புகளோடும் சேர்ந்து 2012இல் பாரிஸ் மையத்தில் புகார் கொடுத்தன. 2013இல் மையம் தன் அறிக்கையை வெளியிட்டது. புகார் கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கட்டளையிடும் அதிகாரம் இல்லாத மேடையில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று விளக்க நல்ல பாடம்.

உள்நாட்டில் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட தத்தோபந்த் தெங்கடி தேசியத் தொழிலாளர் கல்வி வாரியம் 1958 முதல் இருப்பதையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டுச் சட்டத்துக்கு அது உதவாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை விளக்க உதவும். பழைய தொழிற்சாலைச் சட்டப் பிரிவு எண்களோடு அச்சடித்த கையேடுகளை இன்னும் விநியோகிக்கும் அமைப்புகள் முதலில் அந்த வேலையை முடிக்கட்டும்.

பணம் வரும் வழி

வெளிநாட்டுக் கூட்டாளி என்றதும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்து நிற்கும். பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கி, ஊரில் உள்ள சிறு அமைப்புக்குப் பிரித்துத் தரும் பழைய ஏற்பாடும் தடைசெய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியது. பயிற்றுநர் சம்பளம்தான் பெரிய செலவாக இருக்கும் கல்வித் திட்டங்களில் எது நிர்வாகச் செலவு, எது திட்டச் செலவு என்ற கணக்கு தலைவலி தரும்.

இந்த ஒரு காரணத்தாலேயே சிறு அமைப்புகளுக்கு நான்கு வழிகளும் ஒரே தொலைவில் இல்லை. பிராண்ட் அமைப்பின் பயிற்சிகளில் உள்ளூர்ப் பயிற்றுநர் தொழில்முறைக் கட்டணத்துக்கு அமர்த்தப்படும்போது அது நன்கொடையாகாமல் சேவைக்கான கூலியாக நிற்க இடமுண்டு. ஆனாலும் ஒப்பந்த வாசகத்தை ஒரு பட்டயக் கணக்கர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். ஐநா அமைப்பின் இலவசப் பாடத்துக்குப் பணமே கைமாறுவதில்லை. சங்கத்தின் சந்தாவில் நடக்கும் வகுப்புக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது சிறிய தொகைதான். திண்டுக்கல்லில் சங்கம் பேச்சுவார்த்தை மேசை வரை போக முடிந்ததில் சொந்தக் காலில் நின்றதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டமே சுருங்கினால்?

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் கடமை நெறிமுறை, முதலில் 1,000 ஊழியரும் 45 கோடி யூரோ விற்றுமுதலும் தாண்டிய நிறுவனங்களுக்கு என்று எழுதப்பட்டது. 2025 டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாடு அதை 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று உயர்த்தி, அமலாக்கத்தையும் 2029க்குத் தள்ளியது. ஜெர்மன் அமைச்சரவையும் 2025 செப்டம்பரில் ஆண்டறிக்கைக் கடமையை நீக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. இந்த எண்ணிக்கை வரம்புகளை மனப்பாடம் செய்யவைக்கும் பாடத்திட்டம் இரண்டே ஆண்டில் குப்பைக்குப் போகும்.

ஒப்பீட்டில் இதன் பொருள், சட்ட அழுத்தத்தால் மட்டும் பயிற்சிக்குப் பணம் தந்த பிராண்டுகள் மெல்லக் கழன்றுகொள்ளும் என்பது. உறுப்பினர் அமைப்புகளின் நடத்தை விதிகள் சட்டத்தைவிடப் பழையவை என்பதால் அவை கொஞ்சம் தாங்கும். ஒப்பந்தமோ பிரஸ்ஸல்ஸில் என்ன நடந்தாலும் அதன் காலம் வரை செல்லும். என் வரிசை இப்படி அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, நாளையே முடிவெடுக்க வேண்டிய அமைப்பு செய்ய வேண்டியது இது. மாணவர்கள் இப்போது தைக்கும் லேபிள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த பிராண்ட், எந்த நாடு, அது ஃபேர் வேர் அல்லது எதிகல் டிரேடிங் உறுப்பினரா, ஜெர்மன் சட்டத்துக்குள் வருமா என்று ஒரு பட்டியல் போடுங்கள். உறுப்பினர் பிராண்டுகள் நாலைந்தாவது தேறினால் அந்த அமைப்புக்கு எழுதுங்கள். ஒன்றும் தேறாமல் எல்லாம் உள்நாட்டுச் சந்தைக்கான சரக்கு என்றால், வெளிநாட்டுச் சட்டத்தை இப்போதைக்கு விட்டுவிட்டுத் தொழிலாளர் தொகுப்புகளை எடுங்கள். அந்த மாணவர்களுக்கு பெர்லினால் பயனில்லை. கூட்டாளி கிடைத்து ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு வரிகள் அதில் இருக்கட்டும்: பையர் விலகினாலும் நடப்புத் தொகுதி மாணவர்களுக்கு வகுப்பு முடியும் வரை பணம் நிற்காது, வகுப்பிலிருந்து போகும் புகாருக்கு எத்தனை நாளில், எந்த மொழியில், யார் பதில் எழுதுவார் என்பது பெயர், பதவியோடு குறிக்கப்படும். இரண்டாவது வரிக்குத் தயங்குகிறவரிடம் பாடப் புத்தகங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.